மரப்பாலத்துக்கு மேலே ஒரு டர்போப்ராப்

என் வாழ்க்கையில் நான் ஓட்டக் கற்றுக்கொண்ட முதல் வண்டி ஒரு விமானம். சைக்கிள் தெரியாது, ஸ்கூட்டி தெரியாது. குன்னூர் மேட்டில் குடியிருந்துகொண்டு, பஸ் டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு அதெல்லாம் எதற்கு என்று வீட்டுக்காரர் கல்யாணமான புதிதிலேயே முடிவு கட்டிவிட்டார். நானும் எதிர்த்துப் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் நான் எதிர்த்துப் பேசாத விஷயம் அது ஒன்றாகத்தான் இருக்கும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கிறவர்களுக்கும் தெரியும்.

விமானம் நிஜமானதில்லை. மகனுக்குக் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்ன காலத்தில் எங்களோடு வந்து தங்கினான். அப்போது பின்னறையில் ஒரு பெரிய திரை, பாதியாக வெட்டியது போல ஒரு ஸ்டியரிங், மூன்று நெம்புகோல் வைத்த ஒரு பெட்டி, காலுக்கு இரண்டு பெடல் என்று சேர்த்து வைத்தான். ஆபீஸில் திரும்பக் கூப்பிட்டபோது, அங்கே அவன் ரூமில் இதற்கு இடமில்லை என்று விட்டுவிட்டுப் போனான். போகும்போது ஒரு வேலையையும் என் தலையில் கட்டினான். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் செருப்பு, பெல்ட், போட்டோ எல்லாவற்றிலும் பூஞ்சை பூக்கும். இந்தச் சாமானும் கெட்டுப்போகாமல் இருக்க வாரத்துக்கு ஒருமுறை போட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டுமாம். அப்படித்தான் நான் விமானியானேன். பூஞ்சைக்குப் பயந்து.

அந்த மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் வீட்டுக்காரருக்கு உடம்புக்கு வந்தது. காலையில் டூட்டிக்குக் கிளம்பி, காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கை கால் வெட்டி இழுத்தது. மேட்டுப்பாளையம் மலை ரோட்டில் காலமெல்லாம் பஸ் ஓட்டியும் ஒரு ஆட்டுக்குட்டியின் மேல்கூட ஏற்றாத மனுஷன், என் மடியில் வாயில் நுரையோடு கிடந்தார். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எல்லாம் எடுத்தோம். மூளையில் ஒன்றும் பெரிதாக இல்லை, மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும், வண்டியைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். “அப்போ என்ற வேலை?” என்று இவர் கேட்டதற்கு, மழை முடிந்து வாருங்கள், நடுவில் எதுவும் வரவில்லையென்றால் பார்க்கலாம் என்றார்.

அந்த ‘பார்க்கலாம்’ என்ற சொல்லை இவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டெப்போவில் லைட் டூட்டி கொடுத்து, டைம் கீப்பர் ரூமில் உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் ஓட்டிக்கொண்டு போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. டாக்டர் தகுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டால் மறுபடியும் ஸ்டியரிங். இல்லையென்றால் ரிட்டயர் ஆகும்வரை அந்த ரூம்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பின்னறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். பேச்சே இல்லை. என்னோடு சண்டை போடாத புருஷனை எனக்குப் பழக்கமில்லை. பயமாக இருந்தது.

அதே அறையில்தான் நான் விமானம் ஓட்டினேன். மகன் போனில் சொல்லிக் கொடுப்பான். இது டர்போப்ராப் என்றான். உள்ளே இருப்பது ஜெட் என்ஜின் மாதிரிதான், ஆனால் அது முன்னால் இருக்கும் விசிறியைச் சுற்றிவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். அவன் பழகியது ஒற்றை என்ஜின் வண்டி, பின்னால் பத்துப் பேருக்குள் உட்காரலாம். ஒரு நெம்புகோல் வேகத்துக்கு, ஒன்று விசிறிக்கு, ஒன்று எரிபொருளுக்கு. ஸ்டார்ட்டரைப் போட்டால் என்ஜினுக்குள் சக்கரம் மெதுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். அது நல்ல வேகத்துக்கு வந்த பிறகுதான் எரிபொருளைத் திறந்துவிட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே தீ மிஞ்சி, சூட்டு முள் சிவப்புக்கு ஏறி, என்ஜின் வெந்துவிடும்.

இந்தப் பொறுமை எனக்கு எங்கே இருக்கிறது? குக்கர் விசில் வருவதற்குள் மூடியைத் திறக்கப் பார்க்கிறவள் நான். ஸ்டார்ட்டரைப் போட்டதும் கை தானாக எரிபொருள் நெம்புகோலுக்குப் போய்விடும். என்ஜினுக்குப் பின் என்ஜினாக வேகவைத்தேன். மகன் போனில் தலையில் அடித்துக்கொள்வது இங்கே கேட்டது. நீங்க பத்த வைக்கறது அடுப்பு இல்லைம்மா என்பான். அடுப்பாக இருந்திருந்தால் எப்போதோ சோறு ஆக்கியிருப்பேன் என்பேன்.

ஒருவழியாக ஒருநாள் வேகாமல் ஸ்டார்ட் ஆகி, ஓடுபாதையில் கோணல்மாணலாக ஓடி, எப்படியோ மேலே எழும்பியும் விட்டது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் எப்போது திரும்பினார் என்று தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வண்டி ஒரு பக்கமாகச் சாய்கிறது, நிமிர்த்து என்றார். சொல்வது சுலபம், நீங்க வந்து ஓட்டிப் பாருங்க என்று நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் வந்து உட்கார்ந்தார்.

மகனை டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். திரை பார்ப்பதால் வருகிற வகை வலிப்பு இல்லை, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் விளையாடலாம் என்று பதில் வந்தது. ‘விளையாட’ என்ற வார்த்தையை மட்டும் நான் இவரிடம் சொல்லவில்லை.

முதல் தடவை அவர் செய்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. குன்னூருக்கு மேலே உயரத்தில் போய்க்கொண்டிருந்த விமானத்தைக் கோயம்புத்தூரில் இறக்க வேண்டும். மேட்டுப்பாளையம் கீழே தெரிகிறது, வேகம் ஏறிக்கொண்டே போகிறது. மலை டிரைவருக்கு இறக்கம் என்றாலே ஒரு நினைப்புதான். பிரேக்கை நம்பக் கூடாது, ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். வேக நெம்புகோலை முழுக்கப் பின்னால் இழுத்தார். அது ஒரு தடுப்பில் வந்து நின்றது. அந்தத் தடுப்பு எதற்கு என்று மகன் எனக்குச் சொல்லியிருந்தான். அதற்குப் பின்னால் போனால் விசிறி எதிர்ப்பக்கமாகத் தள்ளும். தரையில் இறங்கிய பிறகு நிறுத்துவதற்கு மட்டும்தான் அது, வானத்தில் தொடவே கூடாது. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் அந்தத் தடுப்பின் பூட்டைத் தூக்கி, “கீழ கியர் போடறேன்” என்று இழுத்துவிட்டார். விமானம் காற்றிலேயே பிரேக் அடித்தது போல நின்று, காரமடைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கல்லாக விழுந்தது.

திரை கறுப்பாகிவிட்டது. நான் அவரைப் பார்த்தேன், அவர் நெம்புகோலைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உடம்புக்கு வந்த பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அதற்காக எத்தனை தென்னந்தோப்பு வேண்டுமானாலும் போகட்டும் என்று இருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் மதியச் சாப்பாடு முடிந்ததும் விமானம்தான். மகன் ஏதோ செய்து வைத்திருந்ததால், வெளியே மழை என்றால் திரையிலும் மழை, வெளியே மூட்டம் என்றால் திரையிலும் மூட்டம். கொடியில் துணி காயுமா என்று நான் அதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். எங்கள் வீடு மட்டும் அதில் இல்லை, அந்த இடத்தில் ஒரே மரம். வரி கட்டுகிற வீட்டைக் காணோமே என்று எனக்குக் கோபம்.

அவர் டிரைவர். நான் பக்கத்து நாற்காலியில் கண்டக்டர். விமானத்தில் அப்படி ஒரு ஆள் கிடையாது என்று மகன் சொன்னதை இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை. சூட்டு முள், உயரம், வேகம் எல்லாம் நான் பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் நான் “ரைட்” என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விமானத்தை ஒரு அடி நகர்த்த மாட்டார். இறக்குவதை மட்டும் முறை வைத்துக்கொண்டோம், ஒருமுறை அவர், ஒருமுறை நான். நான் இறக்கினால் தவளை மாதிரி குதிக்கும். அவர் இறக்கினால் டயர் தரையைத் தொட்டதே தெரியாது.

திரும்பும்போது கொஞ்சம் வேகமாகச் சாய்த்துவிட்டால் போதும், எனக்குத் திட்டு விழும். பின்னாடி ஆள் உக்காந்திருக்கு, வாந்தி எடுத்துருவாங்க என்பார். பின்னால் கட்டிலும் துணி மூட்டையும்தான் இருக்கின்றன என்பேன். அவருக்கு அது ஏறவில்லை. மலை ரோட்டில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்த டூரிஸ்ட்டுகள், ஸ்கூல் பிள்ளைகள், பிள்ளைத்தாய்ச்சிகள் என்று அத்தனை பேரையும் அவர் இந்த விமானத்தில் ஏற்றி வைத்திருந்தார். நான் கேலி செய்வேன்.

நாள் ஆக ஆக அவர் முகம் தெளிந்தது. கூடவே இன்னொன்றும் வளர்ந்தது. பாரு, கை நடுங்குதா, கண்ணு பிசகுதா, இதையே ஓட்டறவன் பஸ்ஸை ஓட்ட மாட்டேனா என்பார். டாக்டர்கிட்ட நீயே சொல்லோணும் என்பார். சொல்கிறேன் என்று நானும் சொன்னேன். எனக்கும் அந்த ஆசைதான். காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு பீரோவில் மாட்டி வைத்தேன்.

அவருக்கு ரொம்பப் பிடித்தது தன் ரூட்டிலேயே பறப்பது. கோயம்புத்தூரில் கிளம்பி, மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறில் மலைக்குள் நுழைந்து, பர்லியாறு, மரப்பாலம் என்று ஊர் ஊராக ரோட்டைப் பிடித்தபடியே குன்னூருக்கு ஏறுவது. இரண்டு பக்கமும் மலை. மேலே போகப் போகப் பள்ளத்தாக்கு குறுகும். அதற்குள் உயரம் பிடித்துவிட வேண்டும், இல்லையென்றால் திருப்பிவிட வேண்டும். இரண்டும் செய்யாமல் நேராகப் போனால் மலையில்தான் முடியும்.

மழை ஓய்ந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. டாக்டரைப் பார்க்கப் போக இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பர்லியாறைத் தாண்டிவிட்டோம். அங்கே மங்குஸ்தான் விற்கிற கடைக்காரர் ஒருவரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவர், பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். கவனமாக ஓட்டுகிறார் என்று நினைத்து நானும் பேசவில்லை. மரப்பாலத்துக்கு மேலே மலை பெரிதாகிக்கொண்டே வந்தது. ஏனுங்க, திருப்புங்க என்றேன். திருப்பவில்லை. முகத்தைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது, திரையைத்தான் பார்த்தது, ஆனால் பார்வை இல்லை. வாய் மட்டும் எதையோ மெல்லுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங் மேல் கை சும்மா கிடந்தது.

அது வெறும் திரை, முட்டினால் முட்டட்டும் என்று அந்த நேரம் தோன்றவேயில்லை. அவர் கையை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வேக நெம்புகோலை முன்னால் தள்ளினேன். டர்போப்ராப்பில் தள்ளிய உடனே பலம் வராது, கொஞ்சம் காத்திருக்க வேண்டும். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் காத்திருந்தது அப்போதுதான். பிறகு சாய்த்துத் திருப்பினேன். மரங்கள் இறக்கைக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போயின. பள்ளத்தாக்கு திரும்பி, தூரத்தில் சமவெளி தெரிந்தது.

அப்போது அவர் கண்ணைச் சிமிட்டினார். உன்னை யாரு தொடச் சொன்னது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். ஏதோ யோசனையில் இருந்தேன் என்றார். இல்லைங்க, கூப்பிட்டேன், உங்களுக்குக் கேட்கவில்லை என்றேன். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவருக்கும் எங்கோ உறைத்திருக்க வேண்டும், அதனால்தான் அவ்வளவு கோபம்.

“பொய்யைச் சொல்லி என்ற பொழப்பைக் கெடுத்துறாத” என்றார்.

எழுந்து, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். உடனே தூங்கியும் போனார், அடித்துப் போட்ட மாதிரி. விமானம் இன்னும் பறந்துகொண்டிருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் நின்றுவிடும். எனக்கு மனசு வரவில்லை. அவர் ஏற்றி வைத்த சனத்தையெல்லாம் நடுவானில் விட்டுவிட்டு எப்படி எழுந்திருப்பது? அழுதுகொண்டே தனியாக ஓட்டிக்கொண்டு போய்க் கோயம்புத்தூரில் இறக்கினேன்.

அந்த நாட்கள் கொடுமையானவை. சாப்பாடு, மாத்திரை, தண்ணீர் எல்லாவற்றுக்கும் வாய்திறக்காமல் கை நீட்டினார். டாக்டரிடம் சொல்லாமல் விட்டால் இவருக்கு வேலை கிடைக்கும், என்னோடு பேசுவார். பிறகு ஒருநாள் அதே மரப்பாலத்தில், அதே மாதிரி மென்றுகொண்டு, பின்னால் பஸ் நிறைய ஆட்கள். சொல்லிவிட்டால் இந்த மனுஷன் சாகும்வரை என்னை மன்னிக்க மாட்டார். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன் என்று ஒருநாள் காலையில் சொல்லிவிட்டேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். பாவம், பாவம் என்றே மனசு அடித்துக்கொண்டது.

டாக்டரைப் பார்க்க பஸ்ஸில்தான் இறங்கினோம். ஓட்டியவர் இவரோடு டெப்போவில் சேர்ந்தவர். வாங்க, முன்னாடி உக்காருங்க என்று என்ஜினுக்குப் பக்கத்துச் சீட்டைக் காட்டினார். இவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, நடுவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஸ்கூல் பிள்ளைகள் நின்றுகொண்டு வந்தார்கள். ஒரு பொண்ணு பையை என் மடியில் கொடுத்திருந்தாள். மரப்பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவில், ஏறி வந்த லாரிக்கு வழிவிட்டு பஸ் நின்றது. இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அன்னிக்கு நான் எந்திரிச்சுப் போன பொறகு அதை என்ன பண்ணின?”

“எதையிங்க?”

“ஏரோப்ளேனை.”

“பீளமேடு ஏர்போர்ட்டுல எறக்கிட்டேனுங்க. கொஞ்சம் குதிச்சுது.”

பஸ் கிளம்பி வளைவில் திரும்பியது. நின்றுகொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இவர் அவர்களைப் பார்த்தார்.

“உள்ள இருந்தவங்க?”

வேறு நாளாக இருந்தால் கேலி செய்திருப்பேன். “எல்லாரும் நல்லபடியா எறங்கிப் போனாங்க” என்றேன்.

டாக்டர் ரூமில் டெப்போ கொடுத்த காகிதம் மேஜை மேல் இருந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, தூக்கம் எப்படி என்று கேட்டுவிட்டு, நடுவில் ஏதாவது வந்ததா என்று டாக்டர் கேட்டார். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் பேசிவிட்டார்.

“ஒருக்கா வந்துச்சுங்க. எனக்குத் தெரியலைங்க, இவதான் பாத்தா. நான் ஓட்டிட்டு இருக்கறப்பத்தான்.”

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டியைத் தொடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, என்ன வண்டி என்று கேட்டார்.

“ஏரோப்ளேனுங்க” என்றார் இவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அழுகையும் சிரிப்புமாக எல்லாவற்றையும் சொன்னேன். பின்னறை, மகன், மலை, வாய் மென்றது, கையை எடுத்துவிட்டது. எவ்வளவு நேரம் இருந்தது, பிறகு தூங்கினாரா என்று டாக்டர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். இதுவும் வலிப்புதான், சிலருக்கு இப்படி வரும், பக்கத்தில் இருப்பவர் சொல்லாவிட்டால் நோயாளிக்கே தெரியாது என்றார். மாத்திரையை மாற்றி எழுதினார். எழுதி முடித்து, எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறவர் மாதிரி டெப்போ காகிதத்தைப் பார்த்தார்.

இவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“நீங்க கையெழுத்துப் போட வேண்டாமுங்க டாக்டர். எனக்குப் பின்னாடி சனம் உக்காந்திருக்குதுங்க.”